வாழ்வாதார ஆடு

குணலட்சுமி கோபக்காரி என்பது கோப்பாயில் எல்லோருக்கும் தெரியும். புண்ணாக்கு நிறுக்கும்போது கடைக்காரனின் விரல் தராசுத் தட்டில் பட்டால் போதும், கடை முழுக்கக் கேட்கப் பேசுவாள். அவளுடைய வேலிப் பூவரசில் யாராவது கேளாமல் குழை வெட்டினால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அதெல்லாம் பேசித் தீருகிற கோபம். சைக்கிளில் ஏறி அடுத்த முடக்குத் திரும்புவதற்குள் ஆறிவிடும். போன வருடம் பங்குனியில் பிடித்த கோபம் அப்படி ஆறவில்லை. ஆற வேண்டுமென்று அவள் நினைக்கவுமில்லை.

அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மேசன் வேலை செய்த கணவன் செல்வநாயகம் பருத்தித்துறை வீதியில் பஸ் அடித்து இறந்து பதின்மூன்று வருடமாகியிருந்தது. அவன் போன நேரம் வீட்டில் மிச்சம் இருந்தது பத்து வயது மகள் உதயகலாவும் சினைப்பட்ட ஒரு மறி ஆடும்தான். அந்த மறி போட்ட குட்டிகளும் அந்தக் குட்டிகள் போட்ட குட்டிகளுமாகத்தான் வீடு நடந்தது. மகள் படித்து முன்பள்ளி ஆசிரியையானாள். வளவில் பதினொரு ஆடு நின்றது.

விடிந்ததும் நீண்ட கொக்கத்தடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குழை வெட்டப் புறப்பட்டுவிடுவாள். எந்த வேலியில் கிளிசரியா தளிர்த்திருக்கிறது, எந்த வளவில் முள்முருக்குச் சும்மா நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கொட்டிலில் ஓர் ஆடு இருமினால் அடுப்படியில் இருந்தபடியே எந்த ஆடு என்று சொல்வாள்.

பதினொன்றில் ஒன்று மட்டும் தனிப் பட்டியில் நின்றது. கறுவல் என்று பெயர். கறுப்புக் கிடாய். உதயகலா டெங்குக் காய்ச்சலில் பெரியாஸ்பத்திரியில் கிடந்து, இரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போன மூன்றாம் நாள், “பிள்ளையைத் தாரும், கிடாய் தாறன்” என்று குணலட்சுமி ஊர் வைரவருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழும்பி வந்தாள். உழுத்தங்கோதும் கஞ்சியும் வாழைப்பழமும் தின்று கிடாயும் வளர்ந்தது. கிடாய் வெட்டும் வேள்விக்கு அது தயாரான வருடம் கோயில் நிர்வாகம் கூடி, இனி வெட்டுவதில்லை, பொங்கலோடு நிறுத்துவோம் என்று முடிவெடுத்தது. குணலட்சுமி அதற்கும் ஒரு பாட்டம் சத்தம் போட்டாள். பிறகு தனியே போய்த் தேங்காய் உடைத்து, “கிடாய் உம்மடை, தீன் என்ரை. இருக்குமட்டும் இருக்கட்டும்” என்று வைரவரிடம் சொல்லிவிட்டு வந்தாள். நேர்ந்த கிடாயை விற்க முடியாது. வெட்டவும் முடியாது. இனி யாருக்காகவும் சாகத் தேவையில்லை என்று தெரிந்ததுபோல அது பட்டிக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்.

போன வருடத் தைப்பொங்கல் கழிந்து இரண்டு கிழமையில் பிரகாஸ் வந்தான். ஒரு நிறுவனத்தின் வெளிக்கள உத்தியோகத்தன். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தொடுதிரை டப். பெண்கள் தலைமை தாங்கும் இருபத்தைந்து குடும்பங்களுக்கு நல்ல இன ஆடு கொடுக்கிறார்கள், கிராம அலுவலர் விதானையார் அவள் பெயரையும் தந்திருக்கிறார் என்றான்.

“யுத்தத்தாலை பாதிக்கப்பட்ட குடும்பத் தலைவி எண்டு போடுறன் அம்மா.”

“என்ரை மனிசன் யுத்தத்திலை சாகேல்லைத் தம்பி. பஸ் அடிச்சுச் செத்தவர்.”

“அதுக்கு இதிலை இடமில்லை அம்மா. இப்பிடியே இருக்கட்டும்.”

“செத்த ஆளை நீங்கள் எப்பிடி மாத்திச் சாக்காட்டுவியள்?”

பிரகாஸ் சிரித்துக்கொண்டு டப்பில் எதையோ தட்டினான். என்ன தட்டினான் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் பட்டியலில் அவள் பெயர் வந்தது. கூரைத்தகரம் போட்ட புதுக் கொட்டிலும் ஒரு கிழமைக்குள் எழும்பியது. அது நல்ல கொட்டில்தான். அவள் தன் ஆடுகளை அதற்குள் மாற்றினாள்.

பங்குனி ஐந்தாம் திகதி சனசமூக நிலைய வளவில் ஆடு கொடுத்தார்கள். மாவிலைத் தோரணம், பதாகை, பெரிய ஒலிபெருக்கி. கொழும்பிலிருந்து வந்த விருந்தினர்கள் நிழலில் இருந்தார்கள். பயனாளிகள் இருபத்தைந்து பேரும் சேலை உடுத்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றார்கள். ஆடுகள் வெளி மாவட்டத்திலிருந்து லொறியில் வந்திருந்தன. தொங்கு காதும் உயர்ந்த காலுமாக எல்லாம் ஜமுனாபாரி.

குணலட்சுமி வரிசையை விட்டு லொறியடிக்குப் போனாள். உள்ளே ஒரு மூலையில் தறப்பாள் மூடிக் கிடந்தது. தறப்பாளின் ஓரத்தில் ஒரு குளம்பு தெரிந்தது. அது அசையவில்லை.

அவளுக்கு ஒதுக்கிய மறியின் மூக்கில் சளி காய்ந்து ஒட்டியிருந்தது. மயிர் சிலிர்த்து நின்றது. பின்னங்கால் இரண்டும் கழிச்சலில் நனைந்திருந்தன. அவள் அதன் வாயைத் திறந்து பார்த்தாள். பல் முரசில் புண்.

“தம்பி, இந்த ஆடு சுகமில்லை. எனக்கு வேண்டாம்.”

பிரகாஸ் இணைப்பாளர் மயூரதனைக் கூட்டிக்கொண்டு வந்தான். மயூரதன் நாற்பது வயதுக்காரன். மெதுவாகக் கதைக்கிறவன்.

“பயணக் களைப்பு அம்மா. நாளைக்குச் சரியாயிடும்.”

“களைப்பெண்டா வாயிலை புண் வருமோ? இதுகளை எங்கையும் தனிய மூண்டு கிழமை வைச்சிருங்கோ. மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. பிறகு தாங்கோ. நாங்கள் எங்கையும் ஓடிப்போக மாட்டம்.”

“இந்த மாதக் கடைசியோடை திட்டம் முடியுது அம்மா. அதுக்கிடையிலை எல்லாம் குடுத்து அறிக்கை போகவேணும். நீங்கள் எடுக்காட்டில் உங்கடை கொட்டிலையும் கழட்ட வேண்டி வரும். மற்ற ஆக்களையும் குழப்பாதேங்கோ.”

ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்ற இருபத்து நான்கு பேரும் அவளையே பார்த்தார்கள். பக்கத்து ஒழுங்கைக் கனகாம்பிகை, “எடுத்துக்கொண்டு வாவன் குணம், எங்கடையும் நிண்டுபோகப் போகுது” என்று கெஞ்சினாள். குணலட்சுமி போய்க் கயிற்றைப் பிடித்தாள். சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை. எந்தக் கணத்தில் எடுத்தார்களோ, பின்னால் பார்த்த படத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது சிரிப்பாக விழுந்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த ஆட்டை அவள் கொட்டிலுக்குக் கிட்டவும் விடவில்லை. வளவின் கடைசியில், கிணற்றடிக்கு அப்பால், ஓலையால் ஒரு மறைப்புக் கட்டி அங்கே நிறுத்தினாள். தனி வாளி, தனிக் குழை. அதைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கைகால் கழுவாமல் மற்ற ஆடுகளிடம் போகமாட்டாள். “கறுவலிட்டைப் போறதெண்டா உடுப்பையும் மாத்திப்போட்டுப் போ” என்று மகளுக்கும் சொல்லி வைத்தாள்.

நான்காம் நாள் உரும்பிராயில் ஒரு செத்தவீடு. பின்னேரம் அவள் திரும்பி வந்து படலையைத் திறந்தபோது வாசலில் பிரகாஸின் மோட்டார் சைக்கிள் நின்றது. தகரக் கொட்டிலுக்குள் அவளுடைய ஆடுகளின் நடுவில், அதே தொட்டியில் வாய் வைத்துக்கொண்டு, அந்த நோய் மறி நின்றது. கறுவலையும் பட்டியிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து பக்கத்தில் கட்டியிருந்தார்கள். பிரகாஸ் குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“ஆரடா அவிட்டது?”

அவன் நிமிர்ந்தான். “கொட்டில் பாவிக்கினமோ எண்டு மேலிடத்திலை படம் கேட்டவை அம்மா. குடுத்த ஆடு கொட்டிலுக்கை நிண்டாத்தான் கணக்கு. அரை மணித்தியாலம்தான். கறுப்புக் கிடாய் வடிவா இருந்தது, அதுதான் அதையும்…”

குணலட்சுமி கையில் கிடந்த குடையால் தொட்டியை ஓங்கி அடித்தாள். குடைக்கம்பி வளைந்தது. பிரகாஸ் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனான். அவன் போன பிறகும் அவள் ஓயவில்லை. மகள் பக்கம் திரும்பினாள்.

“வீட்டிலை ஆர் நிண்டது? மனிசரோ, மரக்கட்டையோ?”

“அவர் ஒப்பீசிலை இருந்து வந்தவர் அம்மா. நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான். ஒருக்கால் படம் எடுத்துப்போட்டு விடுறன் எண்டவர்.”

“ஒப்பீசிலை இருந்து வந்தா வீட்டையும் எழுதிக் குடுப்பியோ? உனக்கெண்டு நேர்ந்த கிடாயடி அது!”

அன்றைக்கு அவள் தொட்டியைக் கவிழ்த்து உரஞ்சினாள். கொட்டில் நிலத்துக்குச் சுண்ணாம்பு நீறு போட்டாள். அதன்பின் இரண்டு கிழமைக்கு மேல் மகளோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைப்பாள், அவ்வளவுதான்.

கொடுத்த மறி எட்டாம் நாள் செத்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து அவளுடைய முதல் குட்டி இருமியது. அடுப்படியில் இருந்த குணலட்சுமிக்கு எந்தக் குட்டி என்று தெரிந்தது. அவள் எழும்பிப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மிருக வைத்தியரிடம் போனாள்.

வைத்தியர் இளம் பெண். அன்றைக்கே வந்து ஆடுகளைத் தொட்டுப் பார்த்தார்.

“இது தொத்து நோய் அம்மா. வந்த ஆட்டிலை இருந்து வந்திருக்கு. இந்தக் கிழமை இதே மாதிரி ஏழு வீட்டுக்குப் போட்டு வாறன். ஆடு குடுக்கப் போறம் எண்டு எங்களுக்கு ஒருதரும் அறிவிக்கேல்லை.”

“தப்புமோ டொக்டர்?”

“பெரிய ஆடுகள் சிலது தப்பும். குட்டியளைச் சொல்லேலாது.”

ஊசி போட்டார். குடிக்க மருந்து கரைத்துக் கொடுத்தார். குணலட்சுமி கேட்டதும், என்ன நோய், எங்கிருந்து வந்தது என்று தன் கையாலேயே ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

பத்து நாளில் ஏழு ஆடு போனது. நான்கு குட்டி, இரண்டு மறி, கடைசியாகக் கறுவல். அது சாக மூன்று நாள் எடுத்தது. சாகிற அன்றும் எழும்பி நிற்கப் பார்த்தது. முன்னங்கால் மடிந்தது, மறுபடியும் ஊன்றியது. குணலட்சுமி பக்கத்தில் இருந்து ஈ கலைத்தாள். கண்ணீர் வரவில்லை. பல்லைக் கடித்த கடியில் தாடை நொந்தது.

கறுவலைப் புதைக்கக் கிடங்கு வெட்ட மண்வெட்டியைத் தேடியபோது அதைக் காணவில்லை. பின்வளவில் உதயகலா ஏற்கனவே வெட்டிக்கொண்டிருந்தாள். முன்பள்ளிக்குப் போகாமல், சட்டை முழுக்கச் செம்மண்ணாக, இடுப்பளவு கிடங்குக்குள் நின்றாள். அழுதுகொண்டே வெட்டினாள்.

“எனக்கு நேர்ந்ததை நான்தானே அம்மா குடுத்துப்போட்டன்.”

குணலட்சுமி கிடங்குக்குள் இறங்கி மகளின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இல்லை. சேலைத் தலைப்பைக் கிழித்து அந்தக் கைகளில் சுற்றினாள்.

“நீ குடுக்கேல்லை. உன்னை ஏமாத்தி வாங்கினவங்கள். மேலை ஏறு, மிச்சத்தை நான் வெட்டுறன்.”

மகள் மேலிருந்த கோபம் அந்தக் கிடங்குக்குள் முடிந்தது. மற்றக் கோபத்துக்கு இடம் இன்னும் கூடியது.

சித்திரை நடுவில் நிறுவனம் கடிதம் அனுப்பியது. கொடுத்த இருபத்தைந்து ஆட்டில் பத்தொன்பது செத்திருந்தது. ஆடு செத்த பத்தொன்பது பேரும் அலுவலகத்துக்கு வந்து படிவத்தில் கையெழுத்திட வேண்டும். குணலட்சுமி போனபோது பதினொரு பேர் கையெழுத்து வைத்துவிட்டு விறாந்தை வாங்கில் இருந்தார்கள். கனகாம்பிகையும் அதில் ஒருத்தி. வைத்தால் வேறு ஆடு வருமாம் என்றாள்.

குணலட்சுமி படிவத்தை வாங்கி நின்றபடி வாசித்தாள். பெயர், முகவரி, ஆடு இறந்த திகதி. அதற்குக் கீழே இறப்புக்கான காரணம். அது முன்பே அச்சடித்திருந்தது: பயனாளியின் பராமரிப்புக் குறைபாடு.

அவள் சத்தம் போடுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று கனகாம்பிகை பிறகு சொன்னாள். மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த மயூரதனின் சட்டைப்பையிலிருந்து அவனுடைய பேனையைத் தானே எடுத்தாள். அச்சடித்த வரியின் மேல் ஒரு கோடு இழுக்கப் போனாள்.

மயூரதன் பாய்ந்து படிவத்தைப் பிடித்தான். “அம்மா, வெட்டக்கூடாது! இது அலுவலக ஆவணம்.”

“ஆட்டைக் கொல்லலாம். கடுதாசியை வெட்டக்கூடாதோ?”

“இது வழமையான படிவம் அம்மா. உங்களைக் குற்றம் சொல்லேல்லை.”

“பதின்மூண்டு வருசம் ஆடு வளத்து மோளைப் படிப்பிச்சனான். எனக்குப் பராமரிக்கத் தெரியாதெண்டு நானே கையெழுத்து வைக்கவேணுமோ? தம்பி, ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. லொறியிலை தறப்பாளுக்குக் கீழை எத்தினை செத்துக் கிடந்தது?”

“அப்பிடி ஒண்டுமில்லை.”

“குளம்பு கண்டனான்.”

மயூரதன் மேசையில் கிடந்த படிவங்களை அடுக்கத் தொடங்கினான். சுவரோடு நின்ற பிரகாஸ்தான் சொன்னான். சத்தம் மெல்ல வந்தது.

“ரெண்டு.”

விறாந்தையில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது. மயூரதன் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிரகாஸ் நிலத்தைப் பார்த்தான்.

“சாவு வந்த லொறி எண்டு தெரிஞ்சுகொண்டே எங்கடை கையிலை கயித்தைத் தந்தனீங்கள்” என்றாள் குணலட்சுமி. “நான் கேட்டது மூண்டு கிழமை. வேறை என்ன கேட்டனான்? உங்களுக்குத் திகதி பெரிசு. வைரவருக்கு நேர்ந்த கிடாய் ஒண்டு என்னட்டை நிண்டது. கடவுளுக்கே வெட்டக்கூடாதெண்டு சொன்னவை, சரியெண்டு விட்டன். நீங்கள் ஒரு கத்தியும் எடுக்காமல், ஒரு படத்துக்காண்டி அதைச் சாகடிச்சுப்போட்டியள்.”

மிருக வைத்தியரின் துண்டை மேசையில் வைத்தாள். “காரணத்தை உங்கடை கையாலை எழுதுங்கோ. குடுக்கேக்கையே நோய் வருத்தம் எண்டு எழுதுங்கோ. எழுதுமட்டும் நான் எழும்ப மாட்டன்.”

மயூரதன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். மத்தியானமாகியது. அவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஒரு மணிபோல் கனகாம்பிகை எழும்பி வந்து, “தம்பி, என்ரை கடுதாசியை ஒருக்கால் தாங்கோ, பிழையா வைச்சிட்டன்” என்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பத்துப் பேரும் எழும்பினார்கள். மேசையைச் சுற்றி இடமில்லாமல் போனது.

மூன்று மணிக்கு மயூரதன் எழுதினான். பத்தொன்பது படிவத்திலும் அச்சடித்த வரியை வெட்டிவிட்டு, “வழங்கப்பட்டபோதே நோயுற்றிருந்தது” என்று தன் கையாலேயே எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஒப்பம் வைத்தான். குணலட்சுமி பத்தொன்பதையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள். முன்பள்ளி முடிந்து அங்கே வந்த மகள் அவற்றையெல்லாம் தொலைபேசியில் படம் எடுத்து வைத்தாள்.

அதனால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. வேறு ஆடு வரவில்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கைப் புத்தகத்தில் இருபத்தைந்து குடும்பங்கள் தலைநிமிர்ந்ததாகவே இருந்தது. அதன் நடுப்பக்கத்தில், தகரக் கொட்டிலுக்குள் நோய் மறிக்குப் பக்கத்தில் கறுவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. உதயகலா அதைக் காட்டியபோது குணலட்சுமி பக்கத்தைக் கிழிக்கவில்லை. அந்தக் கிடாய்க்கு வேறு படம் இருக்கவில்லை. புத்தகத்தை மூடி அலுமாரிக்குள் வைத்தாள்.

பெண்களுக்குள் மட்டும் ஒன்று மாறியது. இப்போது அந்தப் பக்கத்தில் யாராவது ஆடு கொடுக்க வந்தால் முதலில் அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் வாயைத் திறந்து, மூக்கைத் தொட்டு, வாலைத் தூக்கிப் பார்ப்பாள். போன ஆவணியில் வேறொரு திட்டத்துக்காரர் பன்னிரண்டு ஆட்டை லொறியை விட்டு இறக்காமலே திருப்பிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தை மாதம் ஒரு பின்னேரம் பிரகாஸ் வந்தான். அடையாள அட்டை இல்லை. அந்த வேலையை விட்டுத் திருநெல்வேலியில் ஒரு கடையில் நிற்கிறானாம். குணலட்சுமி கொட்டிலில் இருந்தாள். தப்பிய நான்கும் அதன் பிறகு பிறந்த இரண்டுமாக ஆறு ஆடு நின்றது. கதிரையைக் காட்டினாள். அவன் இருந்தான்.

“அம்மா, நான் அண்டைக்கு அவிட்டிருக்கக் கூடாது. அது எனக்கு நித்தம் மனசிலை நிக்குது.”

“நிக்கட்டும்.”

“நான் வேணுமெண்டு செய்யேல்லை.”

“தெரியும். வேணுமெண்டு செய்திருந்தா நீ ஒருத்தன்தான் பிழை. நீ கேக்காமல் செய்தனி. உன்னைச் செய் எண்டவனும் கேக்கேல்லை. அவனுக்குச் சொன்னவனும் கேக்கேல்லை. ஆட்டைப் பாத்த ஒருத்தி வாயாலை சொன்னனான், ஒருத்தற்றை காதிலையும் விழேல்லை. உதுதான் எனக்கு ஆறேல்லை.”

அவன் தலையை ஆட்டினான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தான். ஏதோ வரும் என்று பார்த்திருப்பான் போலும். பிறகு எழும்பி, “போட்டு வாறன் அம்மா” என்றான். அவள் “ஓம்” என்று மட்டும் சொன்னாள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் ஓய்ந்ததும் உதயகலா அடுப்படியிலிருந்து வந்தாள். “வீடு தேடி வந்த மனிசனுக்கு ஒரு தேத்தண்ணிகூடக் குடுக்காமல் அனுப்பிப்போட்டியளே அம்மா. பாவம், உண்மையைச் சொன்னதும் அவர்தானே.”

“சொன்னவன்தான். அதுக்குத்தான் கதிரை குடுத்தனான்” என்றாள் குணலட்சுமி. குழைக்கட்டை அவிழ்த்து ஆடுகளுக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டுக்கொண்டே, “தேத்தண்ணி இன்னும் இல்லை” என்றாள்.